மத்தள ஓடுபாதையும் விசுவமடு பெட்ரோல் பங்க்கும்

கேள்வி: சீனாவிடம் கடன் வாங்கியதால்தான் இலங்கை திவாலானது. துறைமுகம், விமான நிலையம், நெடுஞ்சாலை என்று எல்லாவற்றையும் கட்டினார்கள். கால் நூற்றாண்டுப் போரில் வென்ற பலமான ராணுவமும் கையில் இருந்தது. கடன் கொடுத்தவன் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் இன்று அது இன்னொரு சிங்கப்பூர் ஆகியிருக்காதா?
— வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: ஆகியிருக்காது. பழியைச் சீனாவின் தலையில் போடுவது, நாட்டை ஆண்ட ராஜபக்ச சகோதரர்களுக்கு வசதி. நாமும் அதையே ஏன் சொல்ல வேண்டும்?

கடன் கணக்கை முதலில் பார்ப்போம். 2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று இலங்கை கைவிரித்தது. சுதந்திரம் பெற்ற பிறகு அதுதான் முதல் முறை. அப்போது அதன் கழுத்தை நெரித்த பெரிய சுமை, சர்வதேசச் சந்தையில் விற்ற டாலர் கடன் பத்திரங்கள். ஏறத்தாழ 1,250 கோடி டாலர். 2007-இல் தொடங்கிய பழக்கம் அது. பழைய பத்திரத்தின் தவணை வரும்போது புதிய பத்திரத்தை விற்று அடைத்தார்கள். சீனாவும் தர்மத்துக்குக் கொடுக்கவில்லை. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தின் முதல் கட்டக் கடனுக்கு 6.3 சதவீத வட்டி. 2017-இல் அந்தத் துறைமுகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டு வாங்கிய 112 கோடி டாலரும் துறைமுகக் கடனை அடைக்கப் போகவில்லை. டாலர் கையிருப்பைத் தூக்கி நிறுத்தத்தான் உதவியது. துறைமுகம் கைமாறிவிட்டது, கடன் அரசின் தலையிலேயே நின்றது.

கடனைவிட, அதைக் கொண்டு எதைக் கட்டினார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. மத்தள விமான நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜபக்ச குடும்பத்தின் சொந்த மாவட்டத்தில், யானைகள் நடமாடும் காட்டுப் பகுதியில், சுமார் 21 கோடி டாலர் செலவில் கட்டி 2013 மார்ச்சில் திறந்தார்கள். அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் குடும்பப் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். விமான நிறுவனங்கள் வந்தன, ஆள் ஏறவில்லை, போய்விட்டன. சரக்குக் கிடங்கில் நெல் மூட்டைகளை அடுக்கினார்கள். 2016 மார்ச்சில் நூற்றுக்கணக்கான சிப்பாய்களும் போலீஸ்காரர்களும் பட்டாசு சகிதம் அங்கே இறக்கப்பட்டார்கள். ஓடுபாதைப் பக்கம் வரும் யானையையும் காட்டெருமையையும் மானையும் விரட்டுவதற்கு! பொருளாதாரம், கட்டமைப்பு, ராணுவம் என்று மூன்றையும் ஒரே கேள்வியில் கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் அந்த ஓடுபாதையில் ஒன்றாக நின்றன.

கட்டியது எல்லாமே வீண் என்று சொல்லவில்லை. 1990-இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில், இந்தியக் கடனுதவியில் பாதை போடப்பட்டு 2014 அக்டோபரில் மறுபடியும் ஓடியது. யாழ்தேவியில் ஜனங்கள் ஏறினார்கள், இன்றும் ஏறுகிறார்கள். அங்கே பயணி முதலிலேயே காத்திருந்தார், பாதை பிறகு வந்தது. மத்தளவில் கட்டடம் முதலில் வந்தது.

அடுத்து ராணுவம். 'பலமான ராணுவம்' என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். போர் 2009 மே மாதம் முடிந்தது. அதற்கு ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு கழித்து, 2023 ஜனவரியில், தரைப்படையின் அனுமதிக்கப்பட்ட பலம் 2,00,783 என்று அந்த நாட்டின் பாதுகாப்பு ராஜாங்க (இணை) அமைச்சரே சொன்னார். சுமார் 2.2 கோடி ஜனத்தொகைக்கு இவ்வளவு! ஆறு கோடிக்கு மேல் மக்கள் உள்ள பிரிட்டனின் நிரந்தரத் தரைப்படை 80 ஆயிரத்துக்கும் கீழே. எதிரி இல்லாத தீவுக்கு இத்தனை சிப்பாய்கள் எதற்கு? திவாலான மறு ஆண்டு பட்ஜெட்டில்கூடப் பாதுகாப்புக்கு ஒதுக்கிய தொகை சுகாதாரத்தைவிட அதிகம், கல்வியைவிடவும் அதிகம். மருந்து இல்லாமல் ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன்களைத் தள்ளிப்போட்ட காலம் அது.

அந்தப் பணத்தின் பெரும்பகுதி பீரங்கிக்கும் கப்பலுக்கும் போகவில்லை. சம்பளம், சாப்பாடு, பென்ஷன். தென்னிலங்கைக் கிராமத்தில் விவசாயம் படியளக்காத வீட்டுப் பையனுக்கு ராணுவம்தான் அரசு வேலை. அதனால்தான் எந்தக் கட்சியும் அதில் கை வைக்கத் துணியவில்லை. இத்தனை பேரை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்பதால் ராணுவம் வியாபாரத்திலும் இறங்கியது. காங்கேசன்துறையில் தரைப்படையின் ஓய்வு விடுதி, திருகோணமலையில் விமானப்படையின் கடற்கரை விடுதி, வன்னியில் பண்ணைகள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பாலர் பள்ளிகளைக்கூடப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்கும் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் நடத்தியது. வாடகை, கூலி பற்றிய கவலை இல்லாத ராணுவத்தோடு, போரில் எல்லாம் இழந்த ஒரு வன்னி விவசாயி எப்படிப் போட்டி போடுவார்? கடைக்காரர் எப்படித் தலையெடுப்பார்?

2019 ஜனாதிபதி தேர்தலில் மகிந்தவின் தம்பி கோத்தபய ஜெயித்ததே, போர்க்காலத்துப் பாதுகாப்புச் செயலாளர் என்ற பெயரில்தான். வந்ததும் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆக வெட்டினார். ராணுவத்தைக் குறைக்காமல் வருமானத்தைக் குறைத்தார். 2021-இல் ரசாயன உரத்துக்கு ஒரே இரவில் தடை போட்டார்; விவசாயிகள் போராடிய பிறகு அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கினார். கொரோனா வந்து சுற்றுலா வருமானத்தையும் அடித்துக்கொண்டு போனது. 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது.

2022 ஜூனில் முல்லைத்தீவு மாவட்டம் விசுவமடுவில் நடந்ததைத் திருச்சி வாசகர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோலுக்காக ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். பெட்ரோல் தீர்ந்தது. காவலுக்கு நின்ற ராணுவத்தோடு தகராறு வந்தது. ராணுவம் சுட்டது, சனங்கள் காயப்பட்டார்கள். போரில் ஷெல் விழுந்த அதே விசுவமடு. கையில் டாலர் இருந்திருந்தால் கப்பல் வந்திருக்கும், பங்க்கில் பெட்ரோல் இருந்திருக்கும், துப்பாக்கிக்கு அங்கே வேலையே இருந்திருக்காது. நீங்கள் சொல்லும் பலமான ராணுவத்தால் ஒரு லிட்டர் பெட்ரோல் கொண்டுவர முடியவில்லை. ஜூலையில் ஜனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தபோது கோத்தபயவையும் அதனால் காப்பாற்றி நாற்காலியில் உட்கார வைக்க முடியவில்லை. நாட்டை விட்டே ஓடினார்.

சிங்கப்பூரை இழுத்திருக்கிறீர்கள். அங்கேயும் ராணுவம் உண்டு, கட்டாய ராணுவ சேவையே உண்டு. ஆனால் இளைஞன் இரண்டு ஆண்டு முடித்துவிட்டு வேலைக்கோ படிப்புக்கோ திரும்பிப் போகிறான். கொழும்பில் சிப்பாயை வீட்டுக்கு அனுப்பவே அரசாங்கம் பயந்தது.

2030-க்குள் தரைப்படையை ஒரு லட்சமாகக் குறைப்போம் என்று 2023-இல் அறிவித்தார்கள். வெளியே வரும் பையன்களுக்கு என்ன வேலை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நடக்கும். முல்லைத்தீவு மாவட்டக் கேப்பாப்பிலவு மக்கள் 2017-இல் ராணுவ முகாம் வாசலில் குந்தி, ராணுவம் எடுத்துக்கொண்ட எங்கள் காணியைத் (நிலத்தைத்) திருப்பிக் கொடுங்கள் என்று நாள்கணக்கில், மாதக்கணக்கில் கேட்டார்கள். சிங்களப் பையனுக்கு ஊரில் ஒரு வேலை, தமிழ்க் குடும்பத்துக்கு அதன் சொந்தக் காணி. இரண்டுக்கும் சீனாவின் கையெழுத்து தேவையில்லை.