ஆலை ஹீட்டரில் (சூடாக்கும் உலையில்), புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளக்கப் புதிதாகப் போட்ட லேசர் அனலைசர் பழைய ஜிர்கோனியா சென்சாரை விட 2% கூடுதலாகக் காட்டுகிறது. லேசரே தண்டமா?

தண்டம் இல்லைங்க. உங்கள் பர்ஜ் லைனில், அதாவது அனலைசர் கண்ணாடியில் புகை படியாமல் ஊதும் குழாயில், நைட்ரஜன் போகிறதா, இன்ஸ்ட்ருமென்ட் ஏர் (கருவிகளுக்கான அழுத்தக் காற்று) போகிறதா? ஏர் என்றுதான் நினைக்கிறேன். போய்ப் பாருங்கள்.

மணலியில் ஒரு ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக இருந்தேன். டக்டின் (புகை போகும் பாதையின்) இந்தப் பக்கம் லேசர், அந்தப் பக்கம் டிடெக்டர், நடுவில் 2 மீட்டர். 760 நானோமீட்டர் பக்கத்தில் ஆக்சிஜன் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்பதுதான் கணக்கு. கண்ணாடியில் புகை படியாமலிருக்க இரண்டு முனையிலும் நைட்ரஜன் ஊதும். ஒரு ஷட்டவுனில் நைட்ரஜனை மிச்சம் பிடிக்கிறேன் என்று யாரோ புண்ணியவான் அதை ஏர் லைனுக்கு மாற்றிவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏரில் 21% ஆக்சிஜன். அது நிற்கும் இடம் இரண்டு முனையும் சேர்த்து 10 செ.மீ.தானே என்று தோன்றும். ஆனால் டக்டுக்குள் 300 டிகிரி. சூட்டில் வாயு விரிந்து அடர்த்தி பாதியாகிவிடும். முனையில் இருப்பதோ குளிர்ந்த காற்று. அந்த 10 செ.மீ. காற்றும், உள்ளே 2 மீட்டருக்கு இருக்கிற 2% ஆக்சிஜனும் ஏறக்குறைய சமம். திரையில் 4% வந்தது.

கன்ட்ரோல் ரூம் போர்டில் இருந்தவர் பாவம், காற்று அதிகம் என்று டாம்பரை (காற்று வரத்தைக் கட்டுப்படுத்தும் தகட்டை) மூடி 2.5%க்குக் கொண்டுவந்தார். நிஜத்தில் அரை சதவீதம்தான் இருந்திருக்கும். கார்பன் மோனாக்சைடு எகிறி, ஹீட்டர் உறும ஆரம்பித்தது.

ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு போன். திருவொற்றியூரிலிருந்து மணலி எவ்வளவு தூரம்? கன்டெய்னர் லாரி வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன். ஆம்புலன்ஸ் வந்தால்கூட வழி கிடையாது, இத்தனை வருஷமாக இதே கதி. சரி, அதை விடுங்கள். கையில் கொண்டுபோகும் அனலைசரை வைத்துப் பார்த்த பிறகுதான் பர்ஜ் வால்வு மேல் சந்தேகம் வந்தது.

‘ஜிர்கோனியா இருந்தால் இது நடந்திருக்காது’ என்று யாராவது கமென்டில் வருவீர்கள். உண்மைதான். ஆனால் அது 700 டிகிரி சூட்டில் வேலை செய்வது. பக்கத்தில் வருகிற மோனாக்சைடை அங்கேயே எரித்துவிட்டு மிச்ச ஆக்சிஜனைத்தான் சொல்லும். அதுவும் ஒரே புள்ளியில். அதனால் உங்கள் 2% வித்தியாசத்தில் ஜிர்கோனியா பங்கும் கொஞ்சம் இருக்கலாம். நான் லேசர் கம்பெனிக்காரன் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

லைனை மாற்றியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ‘அனலைசர் பராமரிப்பில் கவனக்குறைவு’ என்று மெமோ எனக்குத்தான் வந்தது.