பல் கிளினிக்குக்கு எந்த சக்‌ஷன் வாங்கலாம்? – கேள்வி பதில்

கேள்வி: இரண்டு நாற்காலிகள் கொண்ட சிறிய கிளினிக் நடத்துகிறேன். வாயிலுள்ள எச்சிலையும் நீரையும் உறிஞ்சும் சக்‌ஷன் கம்ப்ரெசர் காற்றில்தான் இயங்குகிறது. அதை அப்படியே வைத்துக்கொண்டு, ஐசோலைட் போன்ற கருவியை வாங்கலாமா, ஐயா?

பதில்: முதலில் பம்ப், பிறகே ஐசோலைட் என்பது என் உறுதியான கருத்து. ஐசோலைட், டிரைஷீல்டு போன்றவை தாமாக எதையும் உறிஞ்சுவதில்லை. நாக்கையும் கன்னத்தையும் ஒதுக்கி, வாய் மூடிவிடாதபடி தாங்கி, உங்கள் ஹை வால்யூம் எனப்படும் அகன்ற உறிஞ்சு குழாயில் ஏற்கெனவே உள்ள இழுவிசையை வாய்க்குள் பரப்பித் தருவதே அவற்றின் வேலை. நீங்கள் குறிப்பிடும், கம்ப்ரெசர் காற்றைப் பாய்ச்சி உறிஞ்சவைக்கும் வென்சுரி முறையிலோ, பல்லைக் குடையும் ஏரோட்டரும் சக்‌ஷனும் ஒரே கம்ப்ரெசரின் காற்றைப் பங்குபோட்டுக்கொள்வதால், இரண்டு நாற்காலிகளிலும் ஒரே சமயத்தில் வேலை நடக்கும்போது இழுவிசை தளர்ந்துவிடும். ஆகவே தனி மோட்டாரில் இயங்கும் பம்ப் வாங்குங்கள். ஒவ்வொரு நாற்காலியிலும் நிமிடத்துக்கு 250 லிட்டருக்குக் குறையாமல் காற்று இழுக்கப்பட வேண்டும். முனையின் துளை 8 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். விற்பனையாளர் சொல்லும் எண்ணோடு நின்றுவிடாமல், இரண்டு முனைகளையும் திறந்துவைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐசோலைட் இருந்தால் சிகிச்சை பெறும் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் தாளான ரப்பர் டேமைக் கைவிடலாமா?

பதில்: ரூட் கேனல் சிகிச்சையில் கூடவே கூடாது. ஐசோலைட் தொண்டைப்பக்கம் திரைபோல் நின்றாலும், சிகிச்சை பெறும் பல்லை மட்டும் எச்சிலிலிருந்து தனியே பிரித்துவிடாது. விரலிலிருந்து நழுவும், வேர்க்கால்வாயைச் சுரண்டும் ஃபைல் என்ற சிறு ஊசி மூச்சுக்குழாய்க்குள் போகாமலும், கால்வாயைக் கழுவும் சோடியம் ஹைப்போகுளோரைட் தொண்டையில் இறங்காமலும், எச்சிலின் கிருமிகள் வேர்க்கால்வாயை எட்டாமலும் ஒருசேரக் காப்பது ரப்பர் டேம் மட்டுமே. பார்னம் என்ற நியூயார்க் பல் மருத்துவர் 1864-இல் அறிமுகப்படுத்திய அந்தத் தாளுக்கு இந்த வேலையில் இன்றுவரை மாற்று இல்லை. நேரம் பிடிக்கிறது என்பவர்களிடம், உதவியாளரையும் சேர்த்துப் பழக்குங்கள் என்றுதான் சொல்வேன். பழகிய கைகளுக்குச் சில நிமிடங்களே போதும். தாளைப் பல்லில் பிடித்துவைக்கும் கிளாம்பில் ஃபிளாஸ் நூலைக் கட்டிவைக்க மட்டும் ஒருநாளும் மறக்காதீர்கள். பல்லின் பள்ளங்களை அடைக்கும் ஃபிஷர் சீலன்ட், சாதாரண ஃபில்லிங், கிரவுனுக்குப் பல் சீவுதல் ஆகியவற்றுக்கு ஐசோலைட் மிகவும் உதவும். உதவியாளர் இல்லாமல் தனியே வேலை செய்பவருக்கு அது இன்னொரு கை போன்றது.

கேள்வி: ரப்பர் டேமில் உள்ள லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) ஒவ்வாமை உள்ளவருக்கு?

பதில்: நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் தாள் பயன்படுத்துங்கள், கையுறையும் லேடெக்ஸ் இல்லாததாக இருக்கட்டும்.

கேள்வி: எச்சில் குழாயை உதடுகளால் கவ்விக்கொள்ளும்படி நோயாளிகளிடம் சொல்வது என் வழக்கம். அது சரியா?

பதில்: தயவுசெய்து இன்றே நிறுத்திவிடுங்கள். உதடுகள் குழாயைச் சுற்றி இறுக மூடும்போது வாய்க்குள் அழுத்தம் குழாயைவிடக் குறைந்து, முந்தைய நோயாளியிடமிருந்து உறிஞ்சப்பட்டுக் குழாயில் தங்கிய நீர் இவர் வாய்க்குள் திரும்பக்கூடும். முனையை மாற்றினாலும் உட்குழாய் மாறுவதில்லை. ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் குழாய் வழியே தண்ணீரை இழுக்கவிடுங்கள். மாலையில் நுரைக்காத சக்‌ஷன் கிருமிநாசினியை ஓடவிடுங்கள். செலவு குறைவு என்று பிளீச் ஊற்ற வேண்டாம்: அது பம்பின் உலோகப் பாகங்களை அரிப்பதோடு, குழாயில் படிந்துள்ள அமால்கம் (பாதரசம் கலந்த பல் அடைப்பு) துகள்களிலிருந்து பாதரசத்தையும் கரைத்துச் சாக்கடைக்கு அனுப்பிவிடும்.