தேயிலைத் தொழிற்சாலை வேர்க்ஷாப்பில் கிடந்த பழைய மைக்ரோமீட்டர் இன்னும் சரியாக அளக்குமா?

பெரும்பாலும் அளக்கும். மைக்ரோமீட்டர் என்பது திருகாணியால் தடிப்பை அளக்கும் கருவி. போத்தல் மூடியைத் திருகிப் பாருங்கள்: கை நிறையச் சுற்றும், மூடி கொஞ்சம்தான் இறங்கும். அதே சங்கதிதான். மலையகத் தொழிற்சாலைகளின் பழைய இயந்திரங்கள் பல பிரித்தானியாவிலிருந்து வந்தவை என்பதால், ஹட்டன் பக்கம் பழைய இரும்புக் கடையில் அகப்படுவது அங்குலக் கருவியாகவே இருக்கலாம். அதில் ஒரு முழுச் சுற்றுக்கு அங்குலத்தில் 40-இல் ஒரு பங்கு நகரும். கையால் சுற்றும் உருளையின் விளிம்பில் 25 கோடுகள். ஆக, ஒரு கோடு அங்குலத்தில் 1000-இல் ஒரு பங்கு!

வாங்குமுன் பொருளை இடையில் பிடிக்கும் இரு முகங்களையும் துடைத்து மெதுவாக மூடுங்கள். பூச்சியம் பொருந்த வேண்டும். சற்று விலகினால் திருத்தலாம், திருகாணி நடுவில் தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

அப்புறம், பளபளப்பாக்கினால் மதிப்புக் கூடும் என்பது தவறு: சான்ட் பேப்பர் துருவோடு அளவுக் கோடுகளையும் தின்றுவிடும்.