மூன்று மாவட்டம், இரண்டு மொழி, ஒரு லோன் புத்தகம்

கேள்வி: அன்புள்ள அக்கா, யாழ்ப்பாணத்துச் சங்கானைப் பக்கம் ஒரு மாதர் சங்கத்தின் செயலாளர் நான். போன வருடம் ஒரு நிறுவனம் எங்களில் ஐந்து பேரையும் உயர்தரம் படிக்கும் மூன்று பிள்ளைகளையும் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனது. புத்தளத்து முஸ்லிம் பெண்களோடும் பொலன்னறுவைச் சிங்களப் பெண்களோடும் மூன்று நாள் தலைமைத்துவப் பயிற்சி. கட்டிப்பிடித்து அழுதுதான் பிரிந்தோம். வட்ஸ்அப் குழுவும் தொடங்கினோம். இப்போது அதில் காலை வணக்கப் பூப்படங்கள் மட்டும்தான் வருகின்றன. திரும்ப வேலை செய்ய வைப்பது எப்படி? யாரைத் தலைவியாக்குவது?

பதில்: பூப்படம் அனுப்புகிறவர்களோடு கோபிக்காதீர்கள். வேறொன்றும் நடக்காத குழுவில் அவர்கள்தான் இன்னும் விளக்கை அணைக்காமல் வைத்திருக்கிறார்கள். அந்த மூன்று நாளில் உங்களுக்கு அறிமுகம் கிடைத்தது. சேர்ந்து செய்ய ஒரு வேலை கிடைக்கவில்லை. அந்த வேலையைத் தேடி எங்கும் போகத் தேவையில்லை. உங்கள் சங்கத்துப் பெண்களின் கைப்பையிலேயே இருக்கும், கிழமைக் கடன் புத்தகமாக.

போருக்குப் பிறகு சிறுகடன் கொடுக்கும் நுண்நிதிக் கம்பனிகள் வடக்கில் வாசல் வாசலாக வந்தது உங்களுக்குத் தெரியும். அதே கடன் பொலன்னறுவையிலும் போய் இருந்தது. 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு லட்சம் ரூபா வரையான கடனை, நிபந்தனைகளோடு, அரசாங்கம் பொறுப்பேற்றது. பிரச்சினை அதோடு முடியவில்லை. 2021 இல் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் பெண்கள் கிழமைக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். ஒருத்தி கட்டத் தவறினால் பிணை நின்ற மற்றவர்கள் அவள் வாசலில் போய் உட்கார வேண்டிய அவமானம் உங்களுக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான்.

ஆகவே முதல் வேலை ஒரு படிவம். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம். வாங்கிய தொகை, கையில் தந்த தொகை, கிழமைக்கு எவ்வளவு, இதுவரை எவ்வளவு கட்டியாயிற்று, ஒப்பந்தம் எந்த மொழியில் இருந்தது. பெயர் வேண்டாம். மூன்று இடத்திலும் இருபது இருபது பேர் நிரப்பினால் போதும். அடுத்து, மூன்று பிரதேச செயலகங்களிலும் ஒரே கேள்வியைத் தகவல் அறியும் உரிமை விண்ணப்பமாகக் கொடுங்கள்: நுண்கடன் தொல்லை பற்றி எத்தனை முறைப்பாடு வந்தது, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்? 2016 இன் சட்டப்படி தமிழிலேயே கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும். மூன்று பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நாளில் உங்கள் வட்ஸ்அப் குழுவில் பூப்படத்துக்கு இடமிராது.

இனி மொழி. என் அனுபவத்தில் முக்கால்வாசிக் கூட்டங்கள் இதில்தான் முறிகின்றன. நான் நடத்திய ஒரு கூட்டத்தில் ஒரு சிங்கள அம்மா நாலைந்து நிமிடம் நிறுத்தாமல் பேசினார். இடையில் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். மொழிபெயர்த்தவர் எங்கள் பக்கம் திரும்பி, "அவவுக்கும் வீட்டில பிரச்சினையாம்" என்றார். அவ்வளவுதான். அந்த அம்மா எங்கள் முகங்களைப் பார்த்தார், பிறகு அன்று முழுக்க வாய் திறக்கவில்லை. பிழை என்னுடையது. இரண்டு மொழியும் தெரிந்த ஒரு அலுவலரைக் கடைசி நேரத்தில் பிடித்து நிறுத்தியிருந்தேன்.

இரண்டு வசனத்துக்கு ஒருமுறை நிறுத்தி, சொன்னதைச் சொன்னபடியே, 'அவ' என்றில்லாமல் 'நான்' என்றே பெயர்க்கும் ஒருவர் வேண்டும். அவருக்குக் காசு கொடுங்கள். சாப்பாட்டுச் செலவைக் குறைத்தாவது கொடுங்கள். வட்ஸ்அப்பில் எழுத்தை விட்டுக் குரல் பதிவுக்கு மாறுங்கள். பெரிய சொற்களும் வேண்டாம். 'நுண்நிதி' என்று நாங்களும் 'க்ஷுத்ர மூல்ய' என்று அவர்களும் தடுமாறிக்கொண்டிருக்க, கடைசியில் எல்லாரும் 'லோன்' என்றே கதைத்தோம்.

புத்தளத்துப் பெண்களோடு மொழிச் சிக்கல் இல்லை. அதனாலேயே அவசரப்பட்டு விடுவோம். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற்றப்பட்டார்கள். பலர் புத்தளத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். உங்கள் குழுவில் இருக்கும் புத்தளத்துப் பெண் ஒருத்தியின் தாய்வீடு யாழ்ப்பாணத்துச் சோனகதெருவில் இருந்திருக்கலாம். "நாங்கள் எல்லாரும் பெண்கள்தானே" என்று தொடங்காதீர்கள். அவர்கள் அந்த நாளைப் பற்றிச் சொன்னால், நாங்கள் பட்டதையும் உடனே தட்டில் வைக்காமல் கேளுங்கள். மன்னாரில் 1998 இல் தமிழ், முஸ்லிம் பெண்கள் சேர்ந்து ஒரு சம்மேளனம் அமைத்தார்கள். அதைத் தொடங்கிய ஷிரீன் சரூர் அவர்களே மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டவர். போர் நடக்கும்போதே அப்படிச் சேர்ந்து வேலை செய்ய முடிந்திருக்கிறது.

இன்னொன்று. எங்கள் ஆட்களுக்கு முஸ்லிம் திருமணச் சட்டம் என்றால் உடனே இரக்கம் வந்துவிடும். 1951 இன் அந்தச் சட்டத்தின் கீழ் பெண் காதி நீதிபதியாக, அதாவது முஸ்லிம் குடும்ப வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியாக, முடியாது என்பதெல்லாம் உண்மைதான். அதைப் பேசுமுன் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையைப் பேசுங்கள். தன் பெயரில் உறுதி இருந்தாலும், மணமான பெண் அந்தக் காணியை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவர் காணாமல் போனவரென்றால் மாவட்ட நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும். நான் நடத்திய ஒரு குழுவில் இதைச் சொன்னபோது ஒரு புத்தளத்து அக்கா, "அப்ப நீங்களுமா?" என்று சிரித்துவிட்டார். எனக்குத் தெரிந்து அன்றுதான் அந்தக் குழு தொடங்கியது. அவரவர் சட்டத்தை அவரவரே முதலில் குறை சொல்லட்டும். மற்றவரின் சீர்திருத்தத்துக்கு, அவர்கள் கேட்டால், பின்னால் நின்று கையெழுத்து வையுங்கள்.

பிள்ளைகள் விஷயம். இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கிறார்கள் என்று அவர்களை உங்கள் மொழிபெயர்ப்பாளராக்கிவிடாதீர்கள். தாய்மாரின் கடனையும் அழுகையையும் சுமக்க அவர்கள் வரவில்லை. அவர்களுக்குத் தனி அறை, தனி நிகழ்ச்சி நிரல். ரியூஷன் முடிந்து இருட்டில் சைக்கிளில் வருவதும் பஸ்ஸில் உரசுகிறவர்களும் மூன்று மாவட்டத்துக்கும் பொது. பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக் கோவையின் 345 ஆம் பிரிவில் குற்றம் என்பதை அவர்களே ஒரு சுவரொட்டியாக இரு மொழியில் எழுதட்டும். தெருவிளக்குக் கோரிக்கையைப் பிரதேச சபைக்கு அவர்களே கொண்டு போகட்டும். 2016 இன் திருத்தத்தால் 25 வீத ஒதுக்கீடு வந்தபின் சபைகளில் பெண் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். எல்லாக் கட்சியிலிருந்தும் ஒவ்வொருவரைப் பிடியுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் எழுத்துமூல அனுமதி, பயணத்தில் கூட இரண்டு பெண்கள், முகநூலில் படம் கிடையாது.

எல்லாக் கட்சி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 1984 இல் யாழ்ப்பாணத்தில், கைதான பிள்ளைகளைக் கேட்டு, தாய்மாரின் அன்னையர் முன்னணி கச்சேரிக்கு (மாவட்ட அரச செயலகத்துக்கு) ஊர்வலம் போனது. 1990 இல் தெற்கிலும் அதே பெயரில் ஒன்று எழுந்தது. தெற்கில் இருந்ததற்கு ஒரு கட்சி முதுகெலும்பாக இருந்தது. 1994 இல் அந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தபின் தாய்மாரின் குரல் ஓய்ந்துபோனது.

தலைவி வேண்டாம். கடிதத்தில் மூன்று கையெழுத்து, ஆறு மாதத்துக்கொரு முறை இணைப்பாளர் மாறட்டும். முதல் வருடம் நிறுவனக் காசும் வேண்டாம், பஸ் காசு சேர்த்தால் போதும். அடுத்த சந்திப்பை அநுராதபுரத்தில் வையுங்கள். மூன்று பக்கத்துக்கும் வழி அதுதான், உங்களுக்கு ரயிலும் இருக்கிறது. வெள்ளி மத்தியானம் வேண்டாம், ஜும்ஆத் தொழுகை நேரம். நான் ஒருமுறை வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். லீவு நாள்தானே என்று பௌர்ணமிப் போயாவிலும் வைக்காதீர்கள், பொலன்னறுவை அம்மாமார் விகாரைக்குச் சில் (பௌத்த விரதம்) எடுக்கப் போய்விடுவார்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் உங்கள் ஆட்கள் வரமாட்டார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.