உலோகவியல் இடத்தை விட்டுவிடலாமா? ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் மகளுக்கு உலோகவியல் பொறியியலில் இடம் கிடைத்திருக்கிறது. பாதி உறைந்த உலோகத்தை அச்சுக்குள் செலுத்திப் பாகங்கள் செய்யும் அரைத்திண்ம வார்ப்பைப் பற்றி அவர் ஆர்வத்தோடு பேசுவதாகவும், பவுண்டரியின் அனலிலும் புழுதியிலும் அவர் நிற்க நேருமோ என்று நீங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தை விட்டுவிட வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்கான காரணம் அந்தத் தொழில்நுட்பத்திலேயே இருக்கிறது.

1970-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் மெர்ட்டன் ஃபிளெமிங்ஸின் மாணவராக இருந்த டேவிட் ஸ்பென்சர், உறையும் உலோகத்தில் விரிசல் விழுவது ஏன் என்று வெள்ளீய–ஈயக் கலவையைக் கொண்டு ஆராய்ந்துகொண்டிருந்தார். உறையும்போதே கலவையைக் கிளறினால், கிளைவிட்டு வளர வேண்டிய படிகங்கள் உருண்டை மணிகளாகிவிடுவதையும், அதனால் ஓரளவு உறைந்த பின்னும் உலோகம் எளிதாகப் பாய்வதையும் அவர் கண்டார். இந்த அமைப்புடைய அலுமினியம் பாதி உறைந்த நிலையில் வெண்ணெயைப் போலக் கத்திக்கு இணங்கும். அழுத்தினால் அச்சுக்குள் பாயும்.

வழக்கமான டை காஸ்டிங்கில் உருகிய உலோகம் பெருவேகத்தில் பீறிட்டு அச்சுக்குள் நுழைவதால் காற்றையும் உள்ளே சிறைப்படுத்திவிடுகிறது. அப்படிப்பட்ட பாகத்தை வலிமைக்காக உயர்வெப்பப் பதப்படுத்தலுக்கு உட்படுத்தினால், சிக்கிய காற்று விரிந்து மேற்பரப்பில் கொப்புளங்கள் எழும். அரைத்திண்ம உலோகம் சிதறாமல் சீராக முன்னேறிக் காற்றை வெளியே தள்ளுவதால் அந்தப் பாகத்தைப் பதப்படுத்த முடியும், பற்றவைக்கவும் முடியும். ஒரு பகுதி ஏற்கெனவே உறைந்திருப்பதால் சுருக்கமும் குறைவு. வெப்பம் குறைவாக இருப்பதால் அச்சும் நீண்ட நாள் உழைக்கும். எடை குறைந்த, கசிவில்லாத, வலிமையான பாகங்களை வாகனத்துறை தேடும் இக்காலத்தில் இவை சிறிய நன்மைகள் அல்ல.

ஆனால் இதைச் செய்வது எளிதன்று. 7 சதவீதம் சிலிக்கான் கலந்த 356 வகை அலுமினியம் ஏறத்தாழ 615 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கி, 555 டிகிரியை நெருங்கும்போதுதான் முழுமையாக உறைகிறது. இந்த இடைவெளிக்குள் சில டிகிரி பிசகினாலும் திண்மத்தின் பங்கு மாறி, பாகம் பழுதாகலாம். முன்பே கிளறி உறைய வைத்த சிறப்புக் கட்டிகளை மீண்டும் சூடாக்கும் முறை செலவு மிக்கது என்பதால் இத்தொழில்நுட்பம் பல ஆண்டுகள் மெதுவாகவே பரவியது. சாதாரண உருகலிலிருந்தே நேரடியாகக் குழம்பு நிலையை உருவாக்கும் ரியோகாஸ்டிங் முறைகள் வந்த பிறகே பாதை அகலமாயிற்று. தாய்லாந்தின் சோங்க்லா இளவரசர் பல்கலைக்கழகத்தில், வாயுக் குமிழிகளைச் செலுத்திக் கிளறும் முறை ஒன்று உருவானது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்காந்தக் கிளறல் பற்றிய ஆய்வுகள் நடந்துள்ளன. ஆகவே இது கரண்டி பிடிக்கும் வேலையன்று. வெப்பத்தை அளந்து, கணித்து, கட்டுப்படுத்தும் பொறியாளரின் வேலை.

இருந்தாலும், அரைத்திண்ம வார்ப்பு என்ற பெயரிலேயே வேலைகள் குவிந்து கிடப்பதாக நான் உங்களிடம் சொல்ல மாட்டேன். முதல் வேலை பெரும்பாலும் டை காஸ்டிங் ஆலையிலோ, தரப் பரிசோதனையிலோ, வாகன உதிரிபாக வடிவமைப்பிலோதான் அமையும். கோவையின் வார்ப்படத் தொழிலும் சென்னையைச் சுற்றியுள்ள வாகன ஆலைகளும் அதற்கு இடம் தருகின்றன. எனவே உங்கள் மகள் ஒரே செயல்முறையைப் பற்றிக்கொள்ளாமல், உறைதல் கோட்பாட்டையும் வெப்பப் பரிமாற்றத்தையும் ஆழமாகக் கற்க வேண்டும். மூன்றாம் ஆண்டுக்குள் மேக்மாசாஃப்ட், புரோகாஸ்ட் போன்ற வார்ப்பு உருவகப்படுத்தல் மென்பொருள் ஒன்றில் பயிற்சியும், அளவீட்டுத் தரவுகளை அலசும் அளவுக்கு நிரலாக்கமும் பெற்றுவிடுவது நல்லது. ஆய்வில் நாட்டம் நிலைத்தால், கேட் தேர்வின் உலோகவியல் தாளை எழுதி மேற்படிப்புக்குச் செல்லலாம்.

சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு முன் நீங்களும் அவரும் ஓர் அலுமினிய டை காஸ்டிங் ஆலையை நேரில் பார்க்க அனுமதி கேளுங்கள். அங்கே உலைப் பகுதியோடு நின்றுவிடாமல், பாகங்களை எக்ஸ்ரே எடுத்து உள்குறைகளை ஆராயும் அறையையும் காட்டச் சொல்லுங்கள்.