புதுக்கோட்டைப் பெண்கள் 1990களில் ஏன் அத்தனை ஆர்வமாகச் சைக்கிள் கற்றார்கள்?

ஒரு காரணம், பஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்துப்போனது. இன்னொன்று, 1991இல் தொடங்கிய அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம். அது எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தே கற்றுக்கொடுத்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இதற்குத் துணை நின்றார். கல் குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், செவிலியர்கள் என்று பலரும் மிதிக்கத் தொடங்கினார்கள்.

எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். சிலருக்கு அதுதான் வசதியாகவும் பட்டது. சீட்டுக்கு முன்னால் இருக்கும் குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாமே! (புடவையோடு அதில் ஏறிப் பார்த்தால்தான் சிரமம் புரியும்.) பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம். ஊரில் கேலி பேசியவர்களுக்கும் குறைவில்லை. ஆனால் சந்தைக்குப் போக அண்ணனையோ கணவனையோ எதிர்பார்த்து நிற்கும் வேலை அந்தப் பெண்களுக்கு இல்லாமல் போனது.