பழைய பாத்திரத்துக்குப் புது வண்ணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பழைய பொருள்கள் விற்கும் கடைகளில் தகர டப்பா, எனாமல் கெண்டி, மரக் கைப்பிடி போட்ட கரண்டி போன்றவற்றை வாங்கி, வண்ணம் தீட்டி வைத்துக்கொள்ள ஆசை. வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: வண்ணம் தீட்டிய பிறகு அந்தப் பொருளில் உணவு வைக்கப் போகிறீர்களா, அல்லது செடியோ பேனாவோ வைக்கப் போகிறீர்களா என்பதைக் கடையில் நிற்கும்போதே முடிவு செய்துவிடுங்கள், பேரம் அதற்கு அப்புறம்தான். அலங்காரத்துக்கு மட்டும் என்றால் சிராய்ப்பும், ஒடுக்கும், மேலோட்டமான துருவும் பெரிய குறைகள் அல்ல. ஆனால் துருப்பிடித்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தும்போது தகரம் உள்வாங்கினாலோ, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கையில் ஊசித் துளைகள் தெரிந்தாலோ, எந்தப் பெயின்ட்டும் அதைக் காப்பாற்றாது. பீங்கானை விரல் முட்டியால் லேசாகத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும். அடிப்பாகத்தையும் திருப்பிப் பாருங்கள். தயாரிப்பாளரின் முத்திரை தெளிவாக இருந்தால், தூரிகையை எடுப்பதற்கு முன் அதன் சந்தை மதிப்பை விசாரித்துக்கொள்வது நல்லது. ஏனெனில் பழம்பொருள் சேகரிப்பவர்கள் அசல் பூச்சின் தேய்மானத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், அதன்மேல் அடித்த புதுப் பெயின்ட்டை விரும்புவதில்லை.

கேள்வி: உட்புறம் எனாமல் பெயர்ந்த சட்டி ஒன்று மலிவாகக் கிடைத்தது. அந்த இடத்தில் மட்டும் வெப்பம் தாங்கும் ஸ்பிரே பெயின்ட் அடித்துச் சமையலுக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. ‘வெப்பம் தாங்கும்’ என்று டப்பாவில் எழுதியிருப்பது, சூட்டில் பூச்சு உரியாது என்பதற்கான உறுதி. உணவில் எதுவும் கலக்காது என்பதற்கான உறுதி அல்ல. எனாமல் என்பது கண்ணாடித் தூளை உலோகத்தின்மேல் ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருக்கிப் படியவைத்த படலம். வீட்டில் அடிக்கும் பெயின்ட் அதற்கு ஈடாகாது. சூடும் கரண்டி உரசலும் உணவின் புளிப்பும் சேர்ந்து அதைச் சீக்கிரமே பெயர்த்துவிடும். இதைத் தவிர, பழைய எனாமலின் பளிச்சிடும் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களுக்குக் கேட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த நிறமிகளைப் பயன்படுத்தியதுண்டு. ஒருமுறை பெயர்ந்த இடத்தைச் சுற்றி மேலும் சில்லுகள் பெயரும் என்பதால், அந்தச் சட்டியைச் சமையலிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பிவிடுவதே சரி. வெளிப்புறத்தை அழகுபடுத்திச் செடி வைக்கலாம். பூச்செடியாக இருக்கட்டும், உண்ணும் செடி வேண்டாம்.

கேள்வி: என்னிடம் உள்ள பெயின்ட் புட்டியில் ‘நச்சற்றது’ என்று அச்சிட்டிருக்கிறது. அப்படியானால் பழைய பீங்கான் குவளை முழுவதும் தீட்டலாம் அல்லவா?

பதில்: பலரும் ஏமாறுவது இந்தச் சொல்லில்தான். சொன்னபடி பயன்படுத்தினால் தீட்டுபவருக்குத் தீங்கு வராது என்பதே அதன் பொருள். உணவு படும் பரப்புக்கு உகந்தது என்பது வேறு தகுதி, அதைப் புட்டியில் தனியாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும். அந்தக் குறிப்பு இல்லையென்றால் வெளிப்புறத்தில் மட்டும் தீட்டுங்கள். உதடு படும் விளிம்பிலிருந்து 20 மில்லிமீட்டர் அகலத்துக்கு எதுவும் தீட்டாமல் விடுங்கள்.

இன்னொன்று, தொட்டால் ஒட்டாத நிலையை இறுகிவிட்ட நிலையாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் உரிய அக்ரிலிக் எனாமல் பெயின்ட்டுகளில் பல, காற்றில் முழுமையாக இறுகுவதற்கு 21 நாள் எடுத்துக்கொள்கின்றன; அல்லது அவற்றை ஓவனில் சுமார் 175 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சுட வேண்டும். குவளையைச் சூடேறாத ஓவனில் வைத்துப் பிறகு சூடேற்றி, ஓவன் ஆறிய பின்னரே வெளியே எடுக்க வேண்டும். திடீர் வெப்ப மாற்றத்தில் பழைய பீங்கான் வெடித்துவிடும். பற்றவைத்த மூட்டுகள் உள்ள தகரப் பொருள்களை இப்படிச் சுட வேண்டாம். காரீயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். வீட்டு ஓவனின் வெப்பமோ குறித்த அளவில் துல்லியமாக நிற்பதில்லை.

கேள்வி: மரக் கைப்பிடிகளில் உள்ள பழைய பெயின்ட்டைச் சுரண்டி எடுக்கலாமா? கடையில் கிடைக்கும் காரீயச் சோதனைக் குச்சிகளை நம்பலாமா?

பதில்: வீட்டுப் பெயின்ட்டில் காரீயத்தை அமெரிக்காவே 1978-இல்தான் தடை செய்தது. எனவே பழைய கைப்பிடியில் காரீயம் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் வரும் தூசிதான் ஆபத்து, அதிலும் குழந்தைகள் உள்ள வீட்டில். நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால் ஈரமாகத் தேய்த்து, சேற்றை ஈரத்துணியால் துடைத்து, துணியையும் அகற்றிவிடுங்கள். சூடேற்றிப் பெயின்ட்டைக் கிளப்ப வேண்டாம். சோதனைக் குச்சிகள் மரத்திலும் உலோகத்திலும் உள்ள பெயின்ட்டுக்காகவே பெரும்பாலும் உருவாக்கப்பட்டவை. சூளையில் சுட்ட பீங்கான் மெருகில் குச்சி நிறம் மாறவில்லை என்பதால் காரீயம் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

கேள்வி: துத்தநாகம் பூசிய வாளிக்கு எண்ணெய்ப் பெயின்ட் அடித்தேன். சில மாதங்களில் தோல் உரிவதுபோல் உரிந்துவிட்டது. பெயின்ட் போலியா?

பதில்: பெயின்ட்டைக் குறை சொல்ல முடியாது, பொருத்தந்தான் தவறு. அதிலுள்ள எண்ணெய்ப் பொருள் துத்தநாகத்தோடு வினைபுரிந்து அடியில் சோப்பு போன்ற ஒரு படலத்தை உண்டாக்கும், பிடிப்பு போய்விடும். உரிந்ததை முழுவதும் நீக்கி, எண்ணெய்ப் பசை போகக் கழுவி, துத்தநாகம் பூசிய பரப்புக்கு என்று குறிப்பிட்ட நீர்சார்ந்த பிரைமரை (அடிப்பூச்சை) அடித்துவிட்டு, அதன்மேல் அக்ரிலிக் பெயின்ட் அடியுங்கள்.

கேள்வி: இப்படிப் புதுப்பித்தவற்றை விற்க எண்ணுகிறேன். வாங்குபவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

பதில்: எந்தப் பகுதியில் எந்தப் பெயின்ட் அடித்தீர்கள், கையால் மட்டுமே கழுவ வேண்டுமா, உணவு வைக்கலாமா கூடாதா என்ற மூன்றையும் எழுதிப் பொருளோடு கட்டிக் கொடுங்கள். உணவுக்கு ஆகாத பொருளை உணவு வைத்துப் படம் எடுத்து விளம்பரம் செய்யாதீர்கள். எழுதிக் கட்டிய சீட்டைவிட அந்தப் படத்தைத்தான் வாங்குபவர் நம்புவார்.